மின்னல் போட்ட ஒரு வருடக் கட்டளை

அலுவலகத்தில் அவனை மின்னல் என்று கூப்பிட்டார்கள். பட்டம் கொடுத்தவர் முதலாளி என்பதால் அது பாராட்டு. மற்றவர்கள் திருப்பிச் சொன்னபோது அது கேலி. இந்த வித்தியாசம் அவன் காதில் ஏறவே இல்லை. ஆளின் நடமாட்டத்தில் மின்னலாக எதுவும் கிடையாது. காலையில் குளியலறைக்குள் போனான் என்றால் வெளியே நிற்பவர்கள் அவனை மறந்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். செருப்பு மாட்ட உட்கார்ந்தால், உட்கார்ந்தது எதற்கு என்று கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் குனிவான். மனிதர்களைக் காக்க வைப்பதில் அவனுக்கு ஒரு சங்கடமும் இல்லை. வலைப்பக்கம் திறக்க அரை விநாடி தாமதமானால் மட்டும் மானம் போனது போல் துடிப்பான்.

அவனுடைய நிறுவனத்தின் வேலை, நடக்க முடியாத நோயாளிகளை வேனில் சிகிச்சைக்குக் கூட்டிப்போய்த் திரும்ப வீட்டில் விடுவது. முன்பெல்லாம் போன் பண்ணினால் ஒரு பெண் எடுத்து, நாளும் நேரமும் கேட்டு வண்டி அனுப்புவாள். வலைப்பக்கம் வந்த பிறகும் அந்தப் பெண் இருந்தாள். ஆனால், போன் பண்ணுகிறவர்களிடம் 'வலைப்பக்கத்தில் போய்ப் பதியுங்கள்' என்று சொல்வதுதான் இப்போது அவள் வேலை. இதை நிறுவனத்தில் முன்னேற்றம் என்றார்கள்.

பக்கத்தின் வேகத்தை அளக்க முதலாளி ஒரு முறை வைத்திருந்தார். உலகத்தில் வேறு யாரும் அப்படி அளப்பதாகத் தெரியவில்லை. காலையில் தரைத்தளத்து லிஃப்டுக்குள் நுழைந்ததும் தன் போனில் பக்கத்தைத் தட்டுவார். கதவு மூடுவதற்குள் அது முழுதாக வந்து நிற்க வேண்டும். மூடிவிட்டால் உள்ளே சிக்னல் கிடையாது. வந்துவிட்டால் ஏழாம் மாடி அலுவலகத்தில் எல்லாருக்கும் நல்ல பொழுது. வராவிட்டால் காலைக் கூட்டத்தில் யாராவது ஒருவர் நின்றுகொண்டே திட்டு வாங்க வேண்டும். பக்கத்தில் ஒரு நாளாவது வண்டி பதிந்து பார்த்தாரா என்றால், இல்லை. அவருக்கு எதற்கு வண்டி? நன்றாகத்தான் நடக்கிறார்.

அந்தப் பக்கமோ யானைக் கனம். சுற்றிச் சுற்றிக் காட்டும் வேன் படம் ஒன்று, முதலாளியின் வரவேற்பு உரை வீடியோவாக ஒன்று, கூடவே பக்கத்தை இயக்கும் ஸ்கிரிப்ட் கோப்புகள் ஒரு மூட்டை. அதில் பாதி எதற்கென்று யாருக்கும் தெரியாது. தெரியாததாலேயே அழிக்கவும் பயம். மனசாட்சியுள்ள தொழிலாளியாக இருந்தால் கனத்தைக் குறைத்திருப்பான். மின்னல் அதைவிடக் கெட்டிக்காரன். ஒருவர் பக்கத்தை முதல் தடவை திறக்கும்போது வந்து இறங்கும் கோப்புகளை அவருடைய பிரவுசரே தன்னிடம் சேமித்து வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை நிறுவனத்தின் சர்வர் கணினியிடம் கேட்காமல் கையில் இருப்பதையே எடுத்துக் காட்டும். எவ்வளவு காலத்துக்கு அப்படிச் செய்யலாம் என்று பக்கம் எழுதுகிறவன் கட்டளை போடலாம். மின்னல் ஒரு வருடம் என்று போட்டான். படத்துக்கு ஒரு வருடம், ஸ்கிரிப்டுக்கு ஒரு வருடம். அதோடு நிற்காமல், தொழில் தெரிந்தவர்கள் யாரும் செய்யத் துணியாத காரியமாக, பக்கத்துக்கே ஒரு வருடம்.

மறுநாள் முதலாளியின் போனில் பக்கம் கதவுக்கு முந்திக்கொண்டு வந்து நின்றது. வராமல் என்ன செய்யும்? அது எங்கேயிருந்தும் வரவில்லை. ஏற்கெனவே அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. "இவன் மின்னல்யா" என்றார் முதலாளி. பட்டம் அன்றைக்கு வந்ததுதான்.

"முதல் தடவை வர்றவங்களுக்கு வெள்ளைத் திரைதான தெரியுது, எவ்வளவு நேரம்!" என்று சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் ஒருமுறை கேட்டாள். இனி அவளை சர்வரம்மா என்றே சொல்வோம், அலுவலகத்தில் எல்லாரும் சொன்னது போல.

"முதல் தடவைங்கிறது ஒரே ஒரு தடவைதானேம்மா" என்றான் மின்னல். இதை ஒரு தத்துவமாக நினைத்துக்கொண்டு இரண்டு கூட்டங்களில் சொல்லவும் செய்தான்.

வீட்டில் இந்தப் பட்டமெல்லாம் செல்லாது. வீட்டில் அக்கா இருந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அத்தனை பிள்ளைகளின் கூச்சலையும் ஒரே கனைப்பில் அடக்கிப் பழகியவளுக்கு, தம்பி ஒருவன் எம்மாத்திரம்? பணிமனையில் எண்ணெய் சிந்திய படியில் வழுக்கி முட்டி உடைந்து, அறுவை சிகிச்சை முடிந்து, தன் வீட்டு மாடிப்படி ஏற முடியாமல் அவன் வீட்டு முன்னறையில் வந்து கிடந்தாள். காலை நேராக நீட்டி வைத்துக் கட்டியிருந்தார்கள். வாரத்தில் மூன்று நாள் சிகிச்சை நிலையத்துக்குப் போய்க் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கிப் பழக வேண்டும். பள்ளி திறக்கும் முன் பெடலை மிதிக்கிற அளவு முட்டி மடங்கினால் தகுதி மருத்துவர் கையெழுத்துப் போடுவார், பேருந்து அவளுக்கு. மடங்காவிட்டால் அது வேறு ஓட்டுநருக்குப் போய்விடும். போனது திரும்பி வருவதாக அந்தப் பணிமனையில் வழக்கம் இல்லை. நீட்டிய கால் சாதாரணக் காருக்குள் நுழையாது. தம்பியின் நிறுவனத்து வேன்தான் வேண்டும். நோயாளி பதிவு செய்த சொந்தப் போனிலிருந்து மட்டுமே வண்டி கேட்க முடியும் என்பது நிறுவனத்தின் விதி. அக்கா தானே கேட்டுக்கொண்டாள். யாரிடமும் எதையும் கேட்காமல் இருப்பதற்கு அவளுக்கு மிச்சமிருந்த ஒரே வழி அது.

இப்படி இருக்கையில் மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை பக்கத்தில் ஒரு சின்ன மாற்றம் நடந்தது. சக்கர நாற்காலி வேண்டுமா என்று ஒரு கேள்வியைப் புதிதாகச் சேர்த்தார்கள். சேர்க்கிற சாக்கில் சர்வரம்மா இன்னொன்றையும் நேராக்கினாள். ஸ்கிரிப்ட் எழுதும் மொழியில் மாதங்களைப் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுவார்கள். ஜனவரி பூஜ்ஜியம், மே நான்கு. இதுவரை மின்னலின் ஸ்கிரிப்ட் மே மாதத்துக்கு நான்கு என்று அனுப்பும், சர்வர் ஒன்று கூட்டிக்கொள்ளும். இனிமேல் ஊர் உலகம் எண்ணுவது போல ஐந்து என்றே அனுப்பு, கூட்டுகிற வேலை எனக்கு வேண்டாம் என்றாள். அவனும் மாற்றினான். தன் கணினியில் பார்த்தான். பிரமாதம்.

அவன் கணினியில் எப்போதும் பிரமாதமாகத்தான் இருக்கும். வேலை வசதிக்காகத் தன் பிரவுசரில் எதையும் சேமிக்காதே என்ற பெட்டியில் டிக் போட்டு, வருடக்கணக்காக அப்படியே விட்டிருந்தான். அதாவது, ஊரிலுள்ள எல்லாப் போனுக்கும் ஒரு வருடக் கட்டளை போட்டவன், அந்தக் கட்டளைக்கு ஒரு நாள்கூடக் கீழ்ப்படிந்ததில்லை. ஆள்கிறவர்களுக்கு உரிய லட்சணம்தான்.

அன்று சாயங்காலம் அக்கா அடுத்த வாரத்துக்கு வண்டி கேட்டாள். 'நீங்கள் தேர்ந்தெடுத்த நாள் கடந்துவிட்டது' என்றது போன். தேதியை மாற்றிப் பார்த்தாள். அந்த மாதத்தில் எந்த நாளைத் தொட்டாலும் கடந்துவிட்டதாம்.

"டேய், இங்க வா. உன் பக்கத்துக்கு நாளைக்கும் நேத்திக்கும் வித்தியாசம் தெரியல."

அவன் கதவருகிலேயே நின்றான். "நீ தப்பா அழுத்துற."

"பஸ்ஸையே ஓட்டுறேன். இதுல என்னடா தப்பா அழுத்துறதுக்கு இருக்கு?"

"பஸ் வேற, இது வேறக்கா. இது ரொம்ப வேகமானது. நீ விரலை வைக்கிறதுக்குள்ள அது அடுத்த இடத்துக்குப் போயிடுது."

மடிக்கணினியைத் தூக்கிவந்து, பயிற்சிக்காக வைத்திருந்த பொய் நோயாளி ஒருவருக்கு வண்டி பதிந்து காட்டினான். சட்டென்று பதிந்தது.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். "இல்லாத ஆளுக்கெல்லாம் வண்டி வருது. கால் ஒடஞ்சவளுக்கு வரல. நல்லாருக்குடா உன் தொழில்."

திங்கட்கிழமை சிகிச்சை போயிற்று. புதன்கிழமையும் போயிற்று. சிகிச்சை நிலையத்திலிருந்து பயிற்சியாளர் போன் பண்ணி, கட்டுக்குள்ளேயே கிடந்தால் முட்டி இறுகிவிடும், அப்புறம் பள்ளி திறக்கிற நாளை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். அவர் குரல் ஸ்பீக்கரில் வந்ததால் மின்னலுக்கும் கேட்டது. அவன் அப்போது செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான்.

அலுவலகத்தில் அவனுக்கு விஷயம் திங்கட்கிழமையே தெரிந்துவிட்டிருந்தது. போன் மேசைப் பெண்ணுக்கு மூச்சுவிட நேரமில்லை. விசித்திரம் என்னவென்றால், புகார் சொன்ன அத்தனை பேரும் பழைய வாடிக்கையாளர்கள். முந்தாநாள் முதல் தடவை வந்த ஆளுக்கு வண்டி ஒழுங்காகப் போகிறது. இரண்டு வருடமாக வருகிறவருக்குக் கதவடைப்பு. அதைவிட மோசம், அடுத்த மாதத்துக்குப் பதிந்தவர்கள் நிலை. ஜூன் மாதத்துக்கு வண்டி கேட்ட ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வீட்டு வாசலில் மே மாதமே வேன் வந்து ஹாரன் அடித்தது. அவர் தலையில் சோப்பு நுரையோடு எட்டிப்பார்த்து, "அவசரம் ஒண்ணும் இல்லையே, தம்பி" என்று ஓட்டுநரிடம் சொல்லியிருக்கிறார்.

சர்வரம்மா மின்னலின் மேசைக்கு வந்தாள். "பழைய ஆளுங்க அனுப்புறதுல மாசம் ஒண்ணு கம்மியா வருது. சக்கர நாற்காலி கேள்விக்குப் பதிலே வரல. அப்படி ஒரு கேள்வி இருக்கறதே அவங்க போனுக்குத் தெரியல. உன் பழைய ஸ்கிரிப்ட் இன்னும் ஊர் பூரா உயிரோட இருக்கு."

"அவ்வளவுதானே. கோப்போட பேரை மாத்திடறேன். பேரு புதுசா இருந்தா பிரவுசர் புதுசா வாங்கிக்கும்."

"புதுப் பேரு எதுல எழுதியிருக்கும்?"

"பக்கத்துல."

"பக்கத்துக்கு எவ்வளவு நாள் போட்ட?"

பெயர் மாறிய சேதியைச் சொல்ல வேண்டிய பக்கமே பழையதாக அந்தந்தப் போனுக்குள் உட்கார்ந்திருந்தது. ஒரு வருடத்துக்குச் சர்வரிடம் எதுவும் கேட்காதே என்று அதற்கு உத்தரவு. இங்கேயிருந்து தொண்டை கிழியக் கத்தினாலும் அது திரும்பிப் பார்க்காது. அவ்வளவு சொன்ன பேச்சு கேட்கிறது.

"ஒரு வருஷத்துல தானா சரியாயிடும்" என்றான் கடைசியில். சொன்னபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

சர்வரம்மாவிடம் மருந்து இருந்தது. நாற்காலிக் கேள்விக்குப் பதில் வந்தால் புது ஸ்கிரிப்ட். வராவிட்டால் பழசு, பழையபடி ஒன்று கூட்டிக்கொள். சர்வரில் ஒரே வரி. ஆனால் சர்வரில் எந்த மாற்றம் செய்தாலும் அதன் காரணத்தைக் காலைக் கூட்டத்தில் முதலாளி முன்னால் நின்று சொல்ல வேண்டும். "நான் எழுதிடறேன். காரணத்தை நீ சொல்லு. மாசக் கணக்கை மாத்துனது நான்தான்னு என் தலையில கட்டிடுவாங்க. ஒரு வருஷம்னு போட்டது நீ."

"வெள்ளிக்கிழமை தாண்டட்டும்மா."

வெள்ளிக்கிழமை முதலாளி ஒரு அறிவிப்புச் செய்வதாக இருந்தார். எல்லாக் கிளைகளின் பக்கங்களுக்கும் வேகத் தலைவர் என்று ஒரு பதவி உண்டாக்கி, அதில் மின்னலை உட்கார வைக்கப் போகிறார். தலைவராகப் போகிற வாரத்தில் எந்தத் தலைவன் குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறான்? அதுவரைக்கும் போனை அணைத்துவிட்டுப் போடச் சொல்லும்படி போன் மேசைப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தான். அதனால் ஒரு பயனும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் அணைத்துப் போட்டு வருவதற்குள் சிலருக்குக் கோபம் தணிந்துவிடும் அல்லவா.

அக்காவின் போனில் பழைய சேமிப்பை அழித்தால் அவளுக்கு அந்த நிமிடமே வண்டி வரும். அதுவும் அவனுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை அவள் அறை வரைக்கும் போனான். அவள் காலைக் கையால் தூக்கித் தலையணையில் வைத்துக்கொண்டிருந்தாள். 'கொடு, பார்க்கிறேன்' என்று கேட்டால், அவள் தப்பாக அழுத்தவில்லை என்று ஆகிவிடும். அதற்கப்புறம் ஆயுசு முழுக்க அவள் வாயில் விழ வேண்டும். மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு வந்துவிட்டான். தம்பி பாசம்.

வியாழக்கிழமை எதிர்வீட்டுத் தச்சர், ஒரு மேசையை இறக்க மின்னலின் அலுவலகத்துப் பக்கம்தான் போவதாகச் சொன்னார். அக்கா அவருடைய சரக்கு வண்டியில் பலகைகளுக்கு நடுவே காலை நீட்டி ஏறிக்கொண்டாள். முதலில் சிகிச்சை நிலையத்துக்குப் போகச் சொல்லலாமே என்றார் தச்சர்.

"ஒருநாள் நீங்க கொண்டுபோவீங்க. மத்த நாளைக்கு? வேர் எங்க இருக்கோ அங்க போங்க."

தரைத்தளத்தில் லிஃப்டுக்குள் ஊன்றுகோலோடு நுழைந்தபோது உள்ளே நல்ல சட்டை போட்ட பெரியவர் ஒருவர் போனைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். முதலாளி என்று அவளுக்குத் தெரியாது. நோயாளியைப் பார்த்ததும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"நம்ம பக்கம்தாம்மா. பாருங்க, கதவு மூடறதுக்குள்ள வந்துடுச்சு."

"நீங்கதான் இந்தக் கம்பெனியாங்க?"

"நானேதான்."

அக்கா ஊன்றுகோலை நீட்டிக் கதவுக்கு நடுவில் வைத்தாள். மூட வந்த கதவு அதில் இடித்துத் திரும்பிப் போயிற்று. "அப்போ எனக்கு ஒரு வண்டி போட்டுக் கொடுங்க. நாளைக்கு."

"அது உங்க போன்லதாம்மா பதியணும்."

"பதிய வேணாம். நாளைக்கு வண்டி இருக்கான்னு தேதியை மட்டும் தொடுங்க."

அவர் தேதியைத் தேடினார். எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தன் வரவேற்பு உரையைத் தாண்டிக் கீழே போனதே அவருக்கு அதுதான் முதல் தடவை. அவள்தான் காட்டினாள். தொட்டார். நாள் கடந்துவிட்டது என்றது போன். மறுநாளைத் தொட்டார். அதுவும் கடந்துவிட்டது. கதவு மறுபடி வந்து இடித்தது. வெளியே நாலைந்து பேர் சேர்ந்து நின்று, முதலாளி இருப்பதால் வாய் திறக்காமல் வேடிக்கை பார்த்தார்கள்.

"என்னம்மா இது, மாசம் முடிஞ்சுபோச்சுங்குது?"

"எனக்கும் ஒரு வாரமா அதான் சொல்லுது. நான் தப்பா அழுத்துறேன்னாங்க. நீங்களும் தப்பாத்தான் அழுத்துறீங்க போல."

"யாரு சொன்னது?"

"மேல இருக்கான். என் தம்பி. மின்னல்னு பேரு வச்சிருக்கீங்களாமே."

ஏழாம் மாடியில் நடந்தது சுருக்கமானது. அக்கா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு நாற்காலியில் காலை நீட்டியிருந்தாள். மின்னல் நின்றுகொண்டிருந்தான்.

"உங்க போன் பழசு, சார்" என்றான். அவனைப் பொறுத்தவரை அது விளக்கம்.

"என் போனா பழசு?"

"போன் இல்ல சார். போன்ல இருக்கறது. அது வந்து… ரொம்ப வேகமா இருக்கறதுனால வர்ற ஒரு சின்ன…"

"ஒரு வருஷம் போட்டிருக்கான், சார்" என்றாள் சர்வரம்மா பின்னாலிருந்து. "ஒரு வரி எழுதணும். அனுமதி கொடுத்தா இப்பவே எழுதிடறேன்."

முதலாளிக்கு எதுவும் விளங்கவில்லை. விளங்காத இடத்தில் உடனே அனுமதி கொடுப்பது அவர் பழக்கம். தேநீர் வருவதற்குள் சர்வரம்மா எழுதிவிட்டாள். அக்கா உட்கார்ந்த இடத்திலேயே தன் போனை எடுத்து, யாரும் எதையும் அழிக்காத அதே பழைய பக்கத்தில் தேதியைத் தொட்டாள். வண்டி பதிந்தது. அவள் தம்பியைப் பார்க்கவில்லை. அவனும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

'பழசு' என்ற சொல் மட்டும் முதலாளியைக் குத்திக்கொண்டே இருந்தது. அன்று மாலையே புதுப் போன் வாங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை காலை அதை எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குள் போனார். புதுப் போனில் ஒன்றும் சேமித்து வைத்திருக்கவில்லை. கதவு மூடும்போது திரை வெள்ளை. ஏழாம் மாடியில் திறந்தபோதும் வெள்ளை. மேசைக்குப் போய் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்ட பிறகு வேன் ஒன்று மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. முதல் தடவை வருகிறவர்கள் இத்தனை காலமாக என்ன பார்த்தார்கள் என்பதை நிறுவனத்தின் முதலாளி அன்றுதான் பார்த்தார். பதவி அறிவிப்பு தள்ளிப்போயிற்று. பக்கத்தின் கனத்தைக் குறைக்கும் வேலை மின்னலிடமே வந்தது. வேன் படம் போயிற்று, ஊர்பேர் தெரியாத ஸ்கிரிப்டெல்லாம் போயிற்று, பக்கத்துக்குப் போட்ட ஒரு வருடமும் போயிற்று. வரவேற்பு உரையில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு. அந்த உரைக்கு இன்னமும் ஒரு வருடம்தான்.

போன நாட்களை ஈடுகட்டப் பயிற்சியாளர் அக்காவைத் தினமும் வரச் சொன்னார். மடக்கிய ஒவ்வொரு தடவையும் அவள் தம்பியின் பெயரைச் சொல்லிப் பல்லைக் கடித்ததாக அங்கே பேச்சு. பட்டப்பெயரை அல்ல, பெற்றவர்கள் வைத்ததை. பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு தகுதி மருத்துவர் பெடலை மிதிக்கச் சொல்லிப் பார்த்தார். கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறது, ஆனாலும் போதும் என்று கையெழுத்துப் போட்டார்.

"பாத்தியா, ஒண்ணும் கெட்டுப்போகலையே" என்றான் மின்னல் அன்று சாப்பிடும்போது. "நீதான் சும்மா ஆர்ப்பாட்டம் பண்ணிட்ட."

அக்கா தட்டைக் கழுவி வைத்தாள், பையைக் கட்டினாள், தன் வீட்டுக்குப் போனாள். மாடிப்படியைக் கைப்பிடி பிடித்துத் தானே ஏறினாள்.

பள்ளி திறந்த நாள் காலை மின்னல் வழக்கம் போலத் தாமதமாகக் கிளம்பி வந்து, தெருமுனையில் வண்டி கிடைக்காமல் நின்றான். மஞ்சள் பேருந்து திருப்பத்தில் வந்து சிக்னலுக்கு நின்றது. ஓட்டுநர் இருக்கையில் அக்கா. உள்ளே பிள்ளைகள் இரைச்சல். அவன் ஓடிப்போய்க் கதவைத் தட்டினான்.

"அக்கா, ஆபீஸ் வழியாத்தானே போற? ஏறிக்கறேன். கூட்டம் இருக்கு, பக்கம் திறக்கற வேகத்தைப் பத்திப் பேசணும்."

அவள் கண்ணாடியை இறக்கினாள். "இது பள்ளிக்கூடத்து வண்டிடா. பிள்ளைங்களைத் தவிர யாரையும் ஏத்தக் கூடாது."

"தம்பிக்காக ஒரு நாள் ஏத்த மாட்டியா?"

"உங்க கம்பெனில விதி இல்லையா? எங்களுக்கும் இருக்கு."

சிக்னல் மாறியது. அவள் முட்டியை மடக்கிப் பெடலை மிதித்தாள். வலித்திருக்க வேண்டும்; முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஜன்னலில் மூக்கை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளை ஒரு கனைப்பில் உட்கார வைத்துக்கொண்டு போய்விட்டாள்.